ரீஃப் டேங்கில் துப்புரவு நத்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைக்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் மீனைப் பற்றிக் கேட்பதைவிட நத்தையைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்த நத்தை, விலை கொடுத்து வாங்கிய பவளத்தைத் தின்றுவிடுமோ என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. பயம் நியாயமானதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மிஞ்சிய உணவையும் இறந்த உயிர்களையும் தின்னும் நத்தைகள்தான், முக்கியமாக நாசேரியஸ்தான், இங்கே பேச்சு. பாசி தின்னும் நத்தைகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

துப்புரவு நத்தைன்னா என்ன? பாசி தின்கிற நத்தையும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. கடைகளில் எல்லாவற்றையும் "க்ளீனப் க்ரூ" என்று ஒரே பெயரில் விற்பதால் வரும் குழப்பம் இது. டர்போ, ட்ரோகஸ், ஆஸ்ட்ரியா ஆகியவை பாறையிலும் கண்ணாடியிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை. நாசேரியஸ் அசைவம். மீன்கள் விட்டுவைத்த மைசிஸ் இறால், பாறை இடுக்கில் சிக்கிய உணவு, செத்துக் கிடக்கும் மீன், புழு, நண்டு, இவைதான் அதற்குச் சாப்பாடு. கண்ணாடியில் பச்சை படிந்திருக்கிறது என்பதற்காக நாசேரியஸ் வாங்கினால் பச்சை அப்படியேதான் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் சில உண்டு. செரித் நத்தை இரவில் மணலிலும் பாறையிலும் சுற்றி மென்பாசியையும் மக்கிய கழிவையும் தின்னும். ஃபைட்டிங் காஞ்ச் என்ற சங்கு வகை பகலிலேயே மணல்மேல் நகர்ந்து அதே வேலையைச் செய்யும். இரண்டுமே ரீஃப் டேங்குக்கு நல்லவை.

சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. நாசேரியஸ் பாதுகாப்பா, இல்லையா?

பாதுகாப்பானதுதான். உயிருள்ள பவளத்தையோ ஆரோக்கியமான மீனையோ அது தின்னாது. உணவின் வாசனை தண்ணீரில் கரைந்து வருவதை மோப்பம் பிடித்துப் போய்ச் சேருவதுதான் அதன் பிழைப்பு. நான் ரீஃப் டேங்குக்குத் தயங்காமல் பரிந்துரைக்கும் உயிர்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். உங்கள் கையில் இருப்பது உண்மையிலேயே நாசேரியஸாக இருக்க வேண்டும். அப்புறம், அதற்கு வயிறு நிறைய வேண்டும். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

வாங்கி விட்டேன், மணலுக்குள்ள போயிடுச்சு, ஒரு வாரமா காணோம். செத்துப் போச்சா?

அநேகமாக உயிரோடுதான் இருக்கும். பகல் முழுக்க மணலுக்குள் புதைந்து கிடப்பது அதன் இயல்பு. மெல்லிய குழல் ஒன்றை மட்டும் மணலுக்கு மேலே நீட்டி வைத்திருக்கும். அந்தக் குழல் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்துச் சுவாசிப்பதும் வாசனை அறிவதும். உற்றுப் பார்த்தால் அந்தக் குழல் அங்குமிங்கும் அசைவது தெரியும்.

சோதிக்க எளிய வழி, உறைந்த மைசிஸ் கொஞ்சம் கரைத்து விடுவது. ஒரு நிமிடத்துக்குள் மணல் ஆங்காங்கே புடைத்து நத்தைகள் வெளியே வரும். அந்த வேகத்தை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நத்தையைப் பற்றிய எண்ணமே மாறிவிடும். சாப்பாடு போட்டும் பல நாள் வரவில்லை என்றால் மட்டும் மணலைக் கிளறிப் பாருங்கள். செத்த நத்தை நாறும். அழுகும்போது அமோனியா விடும் என்பதால் சிறிய தொட்டியில் உடனே எடுத்துவிட வேண்டும்.

மணல் இல்லாம, வெறும் கண்ணாடித் தரையா வச்சிருக்கேன். அதுல விடலாமா?

வேண்டாம். நாசேரியஸுக்குப் புதைந்துகொள்ள இடம் வேண்டும். மென்மையான மணல் நான்கைந்து சென்டிமீட்டராவது இருந்தால் நல்லது. கூரான பவளத் துண்டுகள் பரப்பிய தரையும் அதற்கு ஆகாது. வெறும் தரை வைத்திருப்பவர்கள் ட்ரோகஸ், செரித் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சும் உணவை நீங்களே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம்.

மணல் இருக்கும் தொட்டியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. புதைவதும் எழுவதுமாக இருப்பதால் மேல் அடுக்கு மணல் கிளறிக்கொண்டே இருக்கும், கட்டி பிடிக்காது.

மீன் கழிவையும் சாப்பிடுமா?

சாப்பிடாது. வேறு எந்த நத்தையையும் அதற்காக வாங்க வேண்டாம். கழிவை எடுப்பது, அதை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், வடிகட்டும் பையான ஃபில்டர் சாக், தண்ணீர் மாற்றுதல் இவற்றின் வேலை.

நூறு லிட்டர் டேங்குக்கு எத்தனை வாங்கணும்? கடையில இருபது சொன்னாங்க.

இருபது அதிகம். என் கணக்குப்படி நான்கைந்து போதும். கேலனுக்கு ஒன்று என்ற அமெரிக்கக் கடைக் கணக்கு இங்கேயும் புழங்குகிறது. அந்தக் கணக்குப்படி வாங்கினால் முதல் சில வாரம் தொட்டி பளிச்சென்று இருக்கும். மிச்சம் மீதி எல்லாம் தீர்ந்ததும் நத்தைகள் ஒவ்வொன்றாகப் பட்டினியில் சாகும்.

நாசேரியஸ் பாசியில் காலம் தள்ள முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். மீன்கள் குறைவாகவும் உணவு மிக அளவாகவும் உள்ள தொட்டியில் வாரத்தில் இரண்டு மூன்று முறை நத்தைக்கென்றே ஒரு துண்டு இறாலோ மூழ்கும் தீவனமோ போட வேண்டும். துப்புரவுக்கு வைத்த உயிருக்குத் தனியாகச் சாப்பாடா என்று சிலர் கேட்பார்கள். அது உங்கள் தொட்டியில் வாழும் விலங்கு, சாப்பாடு போடுவது நம் பொறுப்பு.

நேத்து நல்லா இருந்த மீன் இன்னைக்கு எலும்புதான் இருக்கு, மேல நாலு நத்தை. நத்தைதானே கொன்னிருக்கு?

நத்தை கொல்லவில்லை. மீன் இரவில் ஏதோ காரணத்தால் இறந்திருக்கிறது, அல்லது எழ முடியாமல் கிடந்திருக்கிறது. நத்தைகள் வாசனை பிடித்து வந்துவிட்டன. நீந்துகிற மீனைத் துரத்திப் பிடிக்க அவற்றால் முடியாது. தும்பிக்கை போல நீளும் வாயால் சதையைச் சுரண்டித் தின்பதால் சிறிய மீன் ஓர் இரவில் எலும்பாகிவிடும்.

இது உங்களுக்குச் செய்த உதவி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உடல் பாறைக்குப் பின்னால் கிடந்து அழுகியிருந்தால் அமோனியா ஏறிப் பவளத்துக்கும் மற்ற மீன்களுக்கும் ஆபத்து. நத்தையைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு அமோனியா, உப்பு அளவு, வெப்பநிலை மூன்றையும் உடனே சோதியுங்கள். மற்ற மீன்கள் வேகமாக மூச்சு வாங்குகின்றனவா, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பவளத்து மேலயே ஏறி உட்கார்ந்து தின்னுது. கண்ணால பார்த்தேன். இதுக்கு என்ன சொல்றீங்க?

இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, பவளத்துக்கு நீங்கள் ஊட்டிய உணவைத் திருடுகிறது. அகான், ஸ்கோலிமியா, டங்கன் போன்ற பெரிய வாய்ப் பவளங்களுக்கு மைசிஸ் வைப்பவர்கள் வீட்டில் இது வழக்கமாக நடக்கும். பவளம் விழுங்குவதற்குள் நத்தை ஏறி வாய்க்குள்ளிருந்தே இழுத்துவிடும். பவளத்தைத் தின்னவில்லை என்றாலும் அடிக்கடி நடந்தால் பவளம் சுருங்கிவிடும், அதற்கு உணவும் சேராது. முதலில் தொட்டியின் ஒரு மூலையில் நத்தைகளுக்குப் போட்டு, அவை அங்கே கூடியதும் மறுபக்கம் பவளத்துக்கு வையுங்கள். பாதி வெட்டிய பாட்டிலைப் பவளத்துக்கு மேல் கவிழ்த்து வைத்து ஊட்டுவதும் நல்ல வழி.

இன்னொன்று, பவளத்தின் சதை அங்கே ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது. மீன் விஷயத்தில் சொன்னதுதான் இதற்கும் பொருந்தும். சிப்பி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ட்ரைடாக்னா என்ற பெரிய சிப்பியின் மேல் நாசேரியஸ் கூட்டமாக ஏறினால் சிப்பிக்கு உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். நத்தையை விரட்டிவிட்டுச் சிப்பியைப் பாருங்கள்.

கடையில நாசேரியஸ்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. அதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நாசேரியஸ் விபெக்ஸ் என்பது ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் சிறிய நத்தை, இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும். டோங்கா நாசேரியஸ் என்று விற்பது பசிபிக் பக்கத்துப் பெரிய வகை, ஓட்டில் வழவழப்பும் மெல்லிய நிறமும் இருக்கும். இரண்டும் நல்லவை. நகரும்போது பாதத்தின் பின் நுனியைப் பாருங்கள். இரண்டு சிறிய வால்களாகப் பிரிந்திருந்தால் நாசேரியஸ் என்பதற்கு நல்ல அடையாளம்.

பெயர் மாறி வரும் நத்தைகளில் முதலாவது, வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் சேற்றில் வாழும் இல்யனாசா அப்சலீட்டா. கறுத்த, அரித்த ஓடு. இது பவளத்தைத் தின்னாது, ஆனால் குளிர்ந்த நீருக்குப் பழகியது. 26 டிகிரியில் வைத்தால் நீண்ட நாள் தாங்காது. மார்கரிட்டா என்று விற்கும் பாசி தின்னி நத்தைக்கும் இதே கதிதான். அதை வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. வீல்க் எனப்படும் வேட்டை நத்தைகளின் குஞ்சுகள் பார்வைக்கு நாசேரியஸ் மாதிரியே தெரியும். அவை உயிருள்ள மற்ற நத்தைகளையும் சிப்பிகளையும் தின்னும். ஃபுளோரிடாவின் க்ரவுன் காஞ்ச் இதற்கு உதாரணம். அது காஞ்ச் என்ற பெயரில் வந்தாலும் மேலே சொன்ன ஃபைட்டிங் காஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாசேரியஸ் என்று வாங்கியது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனாலும், மணலில் புதையாமல் மற்ற நத்தைகளின் மேல் ஏறிக் கிடந்தாலும் தனியாக எடுத்து வைத்துக் கவனியுங்கள்.

ஓட்டோட வாய் வட்டமா இருந்தா சைவம், காடி இருந்தா அசைவம்னு படிச்சேன். சரிதானா?

பாதி சரி. ஓட்டின் வாய் முன்பக்கம் காடி, அதாவது ஒரு சிறு வெட்டு, இருந்தால் அங்கே சுவாசக் குழல் நீட்டும் வழி இருக்கிறது என்று பொருள். வேட்டையாடும் நத்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டர்போ, ட்ரோகஸ் ஆகியவற்றுக்குக் காடி கிடையாது. உயிர்கள் ஒட்டி வாழும் கடல் பாறையான லைவ் ராக்கோடு வந்த தெரியாத நத்தையை முதல் பார்வையில் தரம் பிரிக்க இது உதவும்.

விதிவிலக்குகள் பெரியவை. நாசேரியஸுக்கே காடி உண்டு, ஆனால் அது வேட்டையாடாது. செரித்துக்கும் உண்டு, அது பாசி தின்னி. மறுபக்கம், சன்டயல் நத்தைக்கு வட்டமான வாய், கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்ட அழகான ஓடு. அது தின்பதோ பவளத்தைப் போல வளர்க்கப்படும் சோவான்திட்களை. ஆகவே இந்த விதியை மட்டும் நம்பி எதையும் தொட்டியில் விடாதீர்கள், எதையும் கொல்லவும் வேண்டாம்.

பம்பிள்பீ நத்தை பார்க்க அழகா இருக்கு. அதுவும் துப்புரவுதானே?

மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட அந்தக் குட்டி நத்தையின் பெயர் எஞ்ஜினா மெண்டிகேரியா. அது வீல்க்குகளுக்குச் சொந்தம். பவளத்தைத் தொடாது, மிஞ்சிய உணவையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மணலுக்குள் வாழும் புழுக்களையும் வேட்டையாடும். மணல் படுகையை உயிரோட்டமாக வைத்திருப்பதே அந்தப் புழுக்கள்தான். சிறிய தொட்டியில் ஒன்றிரண்டு இருந்தால் பெரிய கேடில்லை. நான் வாங்கமாட்டேன்.

அப்போ நிஜமாவே பவளத்தைத் தின்கிற நத்தைகள் எவை?

இருக்கின்றன. பெரும்பாலும் நாம் வாங்கி வருவதில்லை, பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். முதலில் சொல்ல வேண்டியது ட்ரூப்பெல்லா. அக்ரோபோரா, மான்டிபோரா ஆகிய பவளங்களின் சதையைச் சுரண்டி வெள்ளை எலும்பை விட்டுவைக்கும். கடலிலேயே கூட்டமாகப் பெருகிப் பவளப் பாறைகளை அழித்திருக்கிறது. 1980களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் நடந்தது பெரிய அழிவு. சன்டயல் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வென்டில்ட்ராப் வகைகளில் ஒன்று டுபாஸ்ட்ரியா என்ற சூரியப் பவளத்தைத் தின்னும். ஃபிளமிங்கோ டங் என்ற கரீபியன் நத்தைக்கு கடல்விசிறிதான் உணவு, அதனால் அதைத் தொட்டியில் வாழவைப்பதே கடினம். முட்டைச் சோழி மென்பவளத்தைத் தின்னும். புலிச்சோழி சிறியதாக இருக்கும்போது பாசி தின்று நல்ல பெயர் வாங்கும், வளர்ந்ததும் கடற்பஞ்சையும் மென்பவளத்தையும் பதம் பார்க்கும், ஒட்டாத பவளத்தை உருட்டியும் விடும்.

சிப்பி வைத்திருந்தால் பிரமிடெல்லிட் என்ற அரிசியளவு வெள்ளை நத்தைகளையும் தேடுங்கள். சிப்பியின் ஓட்டு விளிம்பில் இரவில் கூடி அதன் உடல் திரவத்தை உறிஞ்சும். டர்போ நத்தையின் ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதைத் தொடர்ந்து செய்தால் கட்டுப்படும். புதுப் பவளத்தை நேராகத் தொட்டியில் வைக்காமல் தனித்தொட்டியில் சில வாரம் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பதே இவை எல்லாவற்றுக்கும் நல்ல தடுப்பு.

காலி ஓடுகள் கிடக்குது, சிலதுல சின்ன ஓட்டை. யார் வேலை இது?

ஓட்டை வட்டமாக, ஓரம் சரிந்து குழிவாக இருந்தால் மூன் நத்தையின் வேலை. சரிவில்லாமல் நேராகத் துளைத்திருந்தால் மியூரெக்ஸ் குடும்பத்து நத்தையாக இருக்கலாம். இரண்டுமே துளை போட்டு உள்ளிருக்கும் உயிரைத் தின்பவை. இரவில் தேடி வெளியே எடுங்கள். நாசேரியஸ் ஓட்டைத் துளைக்காது.

ஓட்டையே இல்லாமல் ஓடு மட்டும் காலியாக இருந்தால் சந்தேகம் முதலில் ஹெர்மிட் நண்டின் மேல். புது ஓட்டுக்காக நத்தையைப் பிடுங்கித் தின்றுவிட்டுக் குடியேறும். நண்டுகளின் அளவைவிடக் கொஞ்சம் பெரிய காலி ஓடுகளைப் போட்டு வைத்தால் இது குறையும், முழுவதும் நிற்காது. நத்தை முக்கியம் என்றால் ஹெர்மிட் வேண்டாம் என்பதே என் கருத்து. பஃபர், ட்ரிக்கர் மீன்கள் இருக்கும் தொட்டியில் நத்தை என்பது தீவனம்தான்.

கண்ணாடில பளபளன்னு முட்டை மாதிரி ஒட்டியிருக்கு. பெருகி டேங்க் நிறைஞ்சிடுமா?

நிறையாது. நாசேரியஸ் கண்ணாடியில் சிறிய, ஒளி ஊடுருவும் உறைகளாக முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் குஞ்சு மிதந்து திரியும் பருவத்தில் மீனுக்கும் பவளத்துக்கும் பம்புக்கும் ஸ்கிம்மருக்கும் தப்புவது அரிது. தொட்டியில் நத்தைகள் தாமாகவே பெருகுகின்றன என்றால் அவை ஸ்டொமடெல்லாவாகவோ குட்டி டர்போவான கொலோனிஸ்டாவாகவோ இருக்கும். இரண்டும் நல்லவை.

எல்லா நத்தையும் ஒரே நேரத்துல மணல்லேர்ந்து வெளியே வந்து கண்ணாடி ஏறுது. சாப்பாடும் போடலை. ஏன்?

முட்டையிடும் நேரமாக இருக்கலாம், ஒன்றிரண்டு ஏறினால் கவலை வேண்டாம். எல்லாம் சேர்ந்து தண்ணீர் மட்டத்தை நோக்கி ஏறினால் முதலில் ஆக்ஸிஜனைச் சந்தேகியுங்கள். வெயில் காலத்தில் நம் ஊரில் மின்சாரம் போனால் பம்பு நிற்கும், தண்ணீரும் சூடாகும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். உடனே பேட்டரி ஏர் பம்ப் போடுங்கள். மின்சாரம் இருந்தும் இப்படி ஏறினால் எங்கோ ஏதோ செத்து அழுகுகிறதா என்று பாருங்கள், அமோனியாவைச் சோதியுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வாங்கி விட்ட ரெண்டு நாள்ல செத்துப் போகுது. டேங்க்ல என்ன தப்பு?

தொட்டியில் மீன்களும் பவளங்களும் நன்றாக இருந்தால் தவறு பெரும்பாலும் விடும் விதத்தில்தான். பல கடைகள் மீன் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பார்கள், அடர்த்தி 1.020 பக்கம் இருக்கும். உங்கள் தொட்டியில் 1.025 அல்லது 1.026. மீன் தன் உடலின் உப்பைச் சமாளித்துக்கொள்ளும். நத்தைக்கு அந்தத் திறன் இல்லை. வெளியே இருக்கும் உப்பே அதன் உடலுக்குள்ளும் ஏறும். பையைத் திறந்து நேராகக் கொட்டினால் அதிர்ச்சியில் சாகும். பைத் தண்ணீரை உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக உங்கள் தண்ணீரை ஒன்றிரண்டு மணி நேரம் சேருங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் இன்னும் மெதுவாக.

அதன் பிறகும் செத்தால் தாமிரத்தைச் சோதியுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட்ட தொட்டியில் நத்தை, இறால், பவளம் எதுவும் பிழைக்காது. பழைய தொட்டியை விலைக்கு வாங்கியவர்கள் முன்பு அதில் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாமிரம் பாறையிலும் மணலிலும் தங்கிவிடும்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கடற்கரையில எவ்வளவோ நத்தை கிடக்கு. எடுத்துட்டு வந்து விட்டா என்ன?

எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிர்களை எடுப்பது குற்றம். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சில சங்கு, சிப்பி வகைகளும் சட்டப் பட்டியலில் உள்ளன. பட்டியலைப் பார்த்து இனம் பிரிக்க நம்மில் பெரும்பாலோரால் முடியாது.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் பயனில்லை. நம் கரையில் அலை ஏறி இறங்கும் மணலில் வாழும் புல்லியா நாசேரியஸின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், செத்ததைத் தின்பதுதான். ஆனால் அது அலையடிக்கும் கரைக்கான உயிர். உயிருள்ள சங்கு, புழுக்களைத் தின்பது, அதைத் தொட்டியில் வளர்ப்பது எளிதல்ல. எல்லாவற்றையும்விட, நம் கடலில் கூம்புச் சங்குகள் பல வகை உண்டு. நஞ்சு நிரம்பிய ஊசிப் பல்லால் குத்தி இரையைப் பிடிப்பவை அவை. கோனஸ் ஜியோகிராஃபஸ் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கூம்பு வடிவ ஓட்டோடு உயிருள்ள நத்தை எதையும் கையால் எடுக்காதீர்கள், குழந்தைகளையும் எடுக்க விடாதீர்கள்.

மீனைத்தான் தனிமைப்படுத்தி வைக்கணும்னு சொல்வாங்க. நத்தைக்கு எதுக்கு?

வெள்ளைப் புள்ளி நோயான கிரிப்டோகேரியான் நத்தையைத் தாக்காது. ஆனால் அந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு விழுந்து உறை கட்டும் பருவத்தில் கெட்டியான எந்தப் பரப்பிலும் ஒட்டும். மீன் இருந்த கடைத் தொட்டியிலிருந்து வரும் நத்தையின் ஓட்டிலும் அது இருக்கலாம். மருந்து கொடுத்துச் சுத்தப்படுத்த வழியில்லை, தாமிரம் நத்தையைக் கொன்றுவிடும் என்று சற்றுமுன் பார்த்தோம்.

மீன் இல்லாத தனித்தொட்டியில் வைப்பது ஒன்றே வழி. உறையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் செத்துவிடும். ரீஃப் வைப்பவர்கள் வழக்கமாக 76 நாள் என்று கணக்கு வைக்கிறார்கள். நாசேரியஸுக்கு அந்தத் தனித்தொட்டியில் ஒரு கிண்ணம் மணலும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு சிறு இறால் துண்டும் வேண்டும். தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தனித்தொட்டி வைக்க முடியாதவர்கள், மீனும் நத்தையும் ஒரே தண்ணீரில் இருக்கும் கடையைத் தவிர்த்து, முதுகெலும்பில்லா உயிர்களுக்குத் தனி நீரோட்டம் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.